எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கு அதைக் குணமாக்கும் ஆராய்ச்சியில் என்ன பங்கு?

கேள்வி: என் அண்ணனுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு நலமாக இருக்கிறார். அண்ணிக்கும் எனக்கும் தொற்று இல்லை. எச்.ஐ.வி.யை முழுமையாகக் குணமாக்கும் ஆராய்ச்சி நடக்கும் நாடுகளில் தொற்று இல்லாத பொதுமக்களிடமும் கருத்துக் கேட்கிறார்கள் என்று படித்தேன். எங்களைப் போன்றவர்களின் கருத்து அவர்களுக்கு எதற்கு? இந்தச் செய்திகளை அண்ணனுக்கு அனுப்பலாமா?

பதில்:

உங்கள் அண்ணியிடமிருந்து தொடங்குகிறேன். இந்த ஆராய்ச்சியால் தொற்று இல்லாத ஒருவருக்கு நேரடியாக ஆபத்து வரக்கூடும் என்றால், அது அவர் இருக்கும் இடத்தில் இருப்பவருக்குத்தான் வரும். நான் பல ஆண்டுகள், எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் ஒன்றில் ஆற்றுப்படுத்துநராக வேலை பார்த்தவன். கணவனுக்கு உண்டு, மனைவிக்கு இல்லை. மனைவிக்கு உண்டு, கணவனுக்கு இல்லை என்ற தம்பதிகள் எத்தனையோ பேருடன் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். தொற்று இல்லாதவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. பரிசோதனை முடிவு ‘இல்லை’ என்று வந்ததும் அவருடைய கோப்பு மூடப்பட்டுவிடுகிறது.

உங்கள் அண்ணன் சாப்பிடும் கூட்டு மருந்து ரத்தத்தில் வைரஸ் பெருகாமல் தடுக்கிறது. வைரஸ் அளவுப் பரிசோதனையில் ஒன்றும் தென்படாத நிலை வந்து, அது நீடித்தால், உடலுறவின் வழியே அவரிடமிருந்து அண்ணிக்குத் தொற்றாது. ஐரோப்பாவில் நடந்து 2016-லும் 2019-லும் வெளியான ‘பார்ட்னர்’ ஆய்வுகள் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டின. ஆணுறை இல்லாமல் உறவுகொண்ட நூற்றுக்கணக்கான இணையர்களில், மருந்தால் வைரஸ் கட்டுப்பட்டிருந்த துணையிடமிருந்து தொற்றுப் பெற்றவர் ஒருவர்கூட இல்லை.

ஆனால் மருந்து வைரஸை வேரோடு பிடுங்குவதில்லை. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சில நினைவு செல்களுக்குள், அந்தச் செல்லின் மரபணுவிலேயே தன்னைச் செருகிக்கொண்டு அது சும்மா கிடக்கிறது. பெருகாமல் கிடப்பதால் மருந்துக்கும் அகப்படாது, உடலின் காவல் செல்களுக்கும் அகப்படாது. வயலில் கோரையோடு போராடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே உள்ள புல்லை எத்தனை முறை களைந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சிலிசியானோ குழு 2003-ல் போட்ட கணக்கின்படி, மருந்தை மட்டும் விடாமல் சாப்பிட்டு இந்தக் கையிருப்பு தானாகக் கரைய 73 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதை ஒழித்துக்கட்டுவது, அல்லது மருந்தே இல்லாமல் உடலே அதை அடக்கி வைத்திருக்கச் செய்வது, இந்த இரண்டில் ஒன்றைத்தான் குணமாக்கும் ஆராய்ச்சி தேடுகிறது.

கையிருப்பு தீர்ந்துவிட்டதா என்று அடித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்றுவரை கிடையாது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 2010-ல் தொற்றுடன் பிறந்த ஒரு குழந்தைக்குப் பிறந்த 30 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினார்கள். ஒன்றரை வயதளவில் மருந்து நின்றுபோனது. அதன் பிறகும் வைரஸ் தென்படவில்லை. குழந்தை குணமாகிவிட்டது என்று 2013 மார்ச்சில் உலகம் முழுவதும் செய்தி. 27 மாதங்கள் மருந்தே இல்லாமல் இருந்த பிறகு, 2014 ஜூலையில், வைரஸ் திரும்பிவிட்டது என்று மருத்துவர்கள் அறிவித்தார்கள். இருந்த பரிசோதனைகள் எதுவும் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஆகவே ஒரு புதிய சிகிச்சை வேலை செய்கிறதா என்று அறிய ஒரே வழி, தினசரி மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதுதான். மருத்துவர்களின் கண்காணிப்பில், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே நிறுத்துவார்கள். வைரஸ் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மாத்திரையை மறுபடி தொடங்குவார்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் வைரஸ் திரும்பிவிடும். பாங்காக்கில், தொற்று ஏற்பட்ட முதல் சில நாட்களிலேயே மருந்து தொடங்கிய எட்டுப் பேர் நிறுத்திப் பார்த்தார்கள். எட்டுப் பேருக்கும் திரும்பியது. பாதிப் பேருக்கு 26 நாட்களுக்குள்ளேயே வந்துவிட்டது.

இப்போது அண்ணியை நினைத்துப் பாருங்கள். ‘வைரஸ் தென்படவில்லை, உங்களுக்குத் தொற்றாது’ என்று மருத்துவர் சொன்னதை நம்பிப் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டார். கணவர் ஓர் ஆய்வில் சேர்கிறார், மாத்திரையை நிறுத்துகிறார். இரண்டு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட நாட்களில் வைரஸ் எழும்பினால் அந்த உறுதிமொழி செல்லாது. இது கற்பனை ஆபத்து அன்று. ஐரோப்பாவில் நடந்த இப்படிப்பட்ட ஆய்வுகளில், மருந்தை நிறுத்தியிருந்த பங்கேற்பாளரிடமிருந்து அவருடைய துணைக்குத் தொற்றிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தொற்றுப் பெற்றவர்கள் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் அல்லர். ஒப்புதல் படிவத்தில் அவர்கள் கையெழுத்து இல்லை.

அதன் பிறகு வல்லுநர்கள் கூடி நெறிமுறைகளை வகுத்தார்கள். துணையுடன் பேச வேண்டும், ஆணுறை தர வேண்டும், தொற்று இல்லாத துணைக்கு முன்தடுப்பு மாத்திரை கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்பவை இன்று பேசப்படும் விதிகள். நல்ல விதிகள்தான். ஆனால் ஒரு வீட்டுக்குள் இவை எப்படி நடக்கும் என்பதை அந்த வீட்டில் இருப்பவர்தான் சொல்ல முடியும். மனைவி ‘இந்த மூன்று மாதம் ஆணுறை’ என்று சொன்னால் கணவர் கேட்பாரா? மாமியாருக்கே தெரியாத நோய்க்கு, மருமகள் ஏன் மாத்திரை சாப்பிடுகிறாள் என்று அடுக்களையில் கேள்வி வந்தால் என்ன பதில்? அண்ணி போன்றவர்களிடம் கருத்துக் கேட்பதற்கான முதல் காரணம் இதுதான். மரியாதைக்காகக் கேட்பது இரண்டாவது. அவர்களைக் கேட்காமல் பாதுகாப்பான ஆய்வை வடிவமைக்கவே முடியாது என்பதே முதலாவது.

இருவரையும் சேர்த்துக் கேட்டு நடத்திய ஆய்வு ஒன்று நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. எச்.பி.டி.என். 052 என்று பெயர். ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகள். அவர்களில் சென்னை, புனே தம்பதிகளும் இருந்தார்கள். ஒருவருக்குத் தொற்று, மற்றவருக்கு இல்லை. இருவருமே ஆய்வில் பங்கேற்பாளர்கள், இருவரிடமும் ஒப்புதல் வாங்கப்பட்டது. 2011-ல் முடிவு வந்தது: துணையிடமிருந்தே வந்தது என்று உறுதியான 28 தொற்றுகளில் 27, சிகிச்சையைத் தாமதித்த பிரிவில், உடனே சிகிச்சை தொடங்கிய பிரிவில் ஒன்றே ஒன்று. 96 சதவீதப் பாதுகாப்பு. இன்று உலகம் முழுவதும் ‘தென்படாவிட்டால் தொற்றாது’ என்று சொல்ல முடிகிறது என்றால், அதன் அடித்தளத்தில் தொற்று இல்லாத அந்த மனைவிமார்களும் கணவன்மார்களும் இருக்கிறார்கள். குணமாக்கும் ஆராய்ச்சியில் அந்த இருகைக் கையெழுத்து இன்னும் வழக்கமாகவில்லை. வழக்கமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தொற்று இல்லாத துணையின் ஆசையை வைத்து எவ்வளவு தூரம் ஏமாற்றலாம் என்பதற்குச் சீனாவில் 2018-ல் நடந்தது சாட்சி. ஷென்ஜெனில் ஹே ஜியான்குயி என்ற விஞ்ஞானி, கணவனுக்குத் தொற்று உள்ள, மனைவிக்கு இல்லாத தம்பதிகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் கருக்களில், எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழைய வழிவிடும் சி.சி.ஆர்.5 என்ற மரபணுவைத் திருத்தினார். இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. அந்தத் தம்பதிகளுக்கு இது தேவையே இல்லை. தந்தையின் தொற்று குழந்தைக்கு வராமல் காக்க எளிய, பாதுகாப்பான வழிகள் ஏற்கெனவே இருந்தன. 2019 டிசம்பரில் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் ஊரார் ஒதுக்குதலுக்கு அஞ்சி, தங்களுக்கும் ஒரு குழந்தை வேண்டும் என்று வந்த அந்தப் பெண்களிடம் யாராவது முன்கூட்டி உட்கார்ந்து பேசியிருந்தால், அவர்களில் பாதிப் பேராவது வேண்டாம் என்றிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இனி, துணைவராக இல்லாத மற்றவர்கள்: நீங்கள், உறவினர்கள், ஊரார். உங்கள் கருத்து எதற்கு என்று கேட்டீர்கள். அது ஆராய்ச்சியின் மேலும், ஆராய்ச்சிக்குப் பின்னால் வரும் வாழ்க்கையின் மேலும் விழுகிறது.

தொற்று இல்லாதவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்ட வாசகம், “எவ்வளவு ஆபத்தாக இருந்தாலும் பரவாயில்லை, குணமானால் போதும்” என்பது. சொல்கிறவருக்கு நல்ல மனம்தான். ஆனால் அவர் மனத்தில் இருப்பது 1990-களின் படம்: எலும்பும் தோலுமாக ஒருவர், மருத்துவமனைக் கட்டில், சாவு. இன்று தினம் ஒரு மாத்திரையில் வேலைக்குப் போய், பிள்ளைகளைப் படிக்கவைத்து, பேரன் பேத்தி எடுக்கும் ஒருவருக்கு இழப்பதற்கு நிறைய இருக்கிறது. அவர் பேரம் பேசாமல் உயிரைப் பணயம் வைக்க மாட்டார்.

உண்மையில் குணமானவர்களின் கதையைப் பாருங்கள். முதலாமவர் திமோத்தி ரே பிரௌன். பெர்லினில் வாழ்ந்த அமெரிக்கர். அவருக்கு எச்.ஐ.வி.யோடு ரத்தப் புற்றுநோயும் வந்தது. 2007-ல் மருத்துவர் கெரோ ஹூட்டர், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குச் சாதாரணக் கொடையாளியை எடுக்காமல், சி.சி.ஆர்.5 மரபணுவில் இயற்கையாகவே ஒரு குறைபாடு உள்ளவரைத் தேடினார். அந்தக் குறைபாடு உள்ளவர்களின் செல்லுக்குள் பெரும்பாலான எச்.ஐ.வி. வகைகள் நுழைய முடியாது. பொருத்தமான கொடையாளிகளை ஒவ்வொருவராகச் சோதித்து, 61-ஆவது ஆளிடம் அது கிடைத்தது. புற்றுநோய் திரும்பி வர, 2008-ல் இரண்டாம் முறையும் மாற்றுச் சிகிச்சை. அதற்குப் பிறகு பிரௌன் ஏறக்குறைய பார்வை இழந்து, சித்தம் கலங்கி, மறுபடியும் நடக்கப் பழக வேண்டியிருந்தது. எச்.ஐ.வி. திரும்பவேயில்லை. 2020 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்தார். அவருக்குப் பின் லண்டன், டுசல்டார்ஃப், நியூயார்க், ஜெனீவா என்று பத்துப் பேர் அளவில் இந்தப் பட்டியல் நீண்டிருக்கிறது. எல்லாரும் புற்றுநோய் போன்ற கொடிய ரத்த நோய்க்காகச் சிகிச்சை பெற்றவர்கள். ரத்த நோய் இல்லாத ஒருவருக்கு எச்.ஐ.வி.க்காக மட்டும் இதைச் செய்தால் அது மருத்துவம் ஆகாது. அந்தச் சிகிச்சையிலேயே உயிர் போகக்கூடும். அந்த மரபணுக் குறைபாடு இரு பக்கமும் உள்ளவர்கள் வட ஐரோப்பியரில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்கு இருப்பார்கள். இந்தியர்களிடம் மிக மிக அரிது. ஆகவே ‘லண்டனில் குணமாகிவிட்டார்களாமே’ என்று நாம் படிக்கும் செய்திக்கும் உங்கள் அண்ணனின் மாத்திரைக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

போகிற போக்கில் ஒன்று. பிரௌனுக்கு மஜ்ஜை தந்தவருக்கு எச்.ஐ.வி. இல்லை. நியூயார்க் பெண்மணியைக் காப்பாற்றிய தொப்புள்கொடி ரத்தமும் தொற்று இல்லாத ஒரு பிறப்பிலிருந்து வந்தது. ஆய்வகங்களில் ஒப்பிட்டுப் பார்க்க ரத்தம் தருகிறவர்களும் அப்படித்தான். தொற்று இல்லாதவர்களின் உடல் இந்த ஆராய்ச்சியில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

2019 மார்ச்சில் லண்டன் நோயாளி பற்றிய செய்தி பத்திரிகைகளில் வந்த வாரம், ஒரு பெண்மணி அந்தச் செய்தித் துண்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு மையத்துக்கு வந்தார். கணவருக்குத் தொற்று, அவருக்கு இல்லை. கணவர் மாத்திரை வாங்க வரிசையில் நின்றார். அவர் கையில் போன மாதத்து வெள்ளை டப்பா. மேலே ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்திருந்ததால் பசை மட்டும் கறுப்பாக மிஞ்சியிருந்தது. பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்வார்கள். சிலர் மாத்திரையை வைட்டமின் டப்பாவுக்கு மாற்றுவார்கள், குலுங்கிச் சத்தம் வராமல் இருக்க உள்ளே பஞ்சு வைப்பார்கள். அந்த அம்மாள் துண்டை என் மேஜையில் விரித்து, “இனி இவருக்கு இல்லை என்று எழுதித் தருவார்களா சார்?” என்று கேட்டார். மாத்திரையை நிறுத்தலாமா என்று அவர் கேட்கவில்லை. மாத்திரை அவருக்குப் பாரமே இல்லை. மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். ஒரு காகிதம்தான் அவருக்கு வேண்டும்.

அந்தக் கேள்விக்குள் ஆராய்ச்சியாளர்கள் கவனிக்க வேண்டிய பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம் அரசு ‘நம்பிக்கை மையங்களில்’ முதலில் செய்யும் பரிசோதனை வைரஸைப் பார்ப்பதில்லை. வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கிறது. நாளை ஒரு சிகிச்சை வந்து, மருந்தே இல்லாமல் வைரஸ் அடங்கிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருந்துகொண்டேதான் இருக்கும். பரிசோதனைத் தாள் ‘உண்டு’ என்றே சொல்லும். மருத்துவர் ‘இவருக்கு இனி மருந்து வேண்டாம், இவரிடமிருந்து தொற்றாது’ என்பார். சம்பந்தி வீட்டார் தாளைக் காட்டுவார்கள். விஞ்ஞானத்தின் வெற்றியைத் தொற்று இல்லாதவர்கள் நம்பாவிட்டால், குணமானவருக்கு அந்தக் குணத்தால் பாதிப் பயன்தான். நெதர்லாந்தில் தொற்று உள்ளவர்களையும், தொற்று இல்லாத, ஆனால் ஆபத்து அதிகமுள்ளவர்களையும் கேட்டுச் செய்த ஆய்வில், கிருமியை உடலுக்குள் அடக்கி வைப்பதைவிட அதை முற்றாக நீக்குவதையே இரு தரப்பும் விரும்பியதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் அறிவியல் முதலில் எட்டக்கூடியது அடக்கி வைப்பதைத்தான் போலத் தெரிகிறது. மக்களின் எதிர்பார்ப்பு ஓரிடத்திலும் ஆய்வகம் வேறிடத்திலும் நிற்கின்றன என்பதை முன்கூட்டி அறியத்தான் கருத்துக் கேட்கிறார்கள்.

நம் நாட்டு நிலை இன்னும் கடினம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், எச்.ஐ.வி. பற்றி முழுமையான அறிவு இருந்தவர்கள் பெண்களில் 21.6 சதவீதம், ஆண்களில் 30.7 சதவீதம். முழுமையான அறிவு என்று அவர்கள் வைத்த அளவுகோலும் பெரிதில்லை. ஆணுறையும் ஒரே துணையும் தொற்று வாய்ப்பைக் குறைக்கும், பார்க்க நலமாக இருப்பவருக்கும் தொற்று இருக்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். தொற்று எப்படி வருகிறது என்பது பற்றிப் பரவலாக உள்ள இரண்டு தவறான நம்பிக்கைகளை ‘தவறு’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். 1986-ல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்த எண்கள் இவை.

இந்த அறியாமையோடு குணம் பற்றிய நம்பிக்கை கலந்தால் என்ன ஆகும் என்று ஒரு வீட்டில் பார்த்தேன். தம்பிக்குத் தொற்று. வைரஸ் தென்படாமல் நன்றாக இருந்தார். வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், துணி துவைக்கத் தனி வாளி. நான் எவ்வளவோ விளக்கினேன். மூத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மருந்து கண்டுபிடிக்கட்டும் சார், அப்புறம் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடலாம்” என்றார். மருந்து அதே வீட்டு அலமாரியில் இருந்தது. தட்டுக்கு அது என்றைக்குமே தேவைப்பட்டதில்லை. நாளை வரப்போகும் குணத்தைக் காரணம் காட்டி இன்றைக்குச் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடும் இந்த மனநிலைதான் தொற்று இல்லாதவர்களிடம் நான் பார்த்ததிலேயே அதிகம் காயப்படுத்துவது. ஆராய்ச்சியை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டால் அந்த அண்ணன் முழுமனத்தோடு ஆமாம் என்றுதான் சொல்வார்.

போலி மருத்துவத்தின் வாசலுக்கு நோயாளியைக் கைப்பிடித்து அழைத்துப் போவதும் பெரும்பாலும் நலமாக இருக்கும் உறவினர்தான். எய்ட்ஸைக் குணப்படுத்துவதாகச் சொல்லி எந்த மருந்தையும் விற்கக் கூடாது என்று இந்தியாவின் மருந்து விதிகள் சொல்கின்றன. குணமாக்குவதாகச் சொல்லக் கூடாத நோய்களின் பட்டியலில் எய்ட்ஸ் முதலிடத்தில் இருக்கிறது. ஆனாலும் ‘ஆறு மாதத்தில் பூரண குணம்’ என்ற விளம்பரம் யாராவது ஒரு மாமாவின் கண்ணில் படும். நகையை அடகு வைத்து அழைத்துப் போவார். அங்கே முதலில் சொல்வது, ‘அந்த ஆங்கில மாத்திரையை நிறுத்திவிடுங்கள்’ என்பதாகவே இருக்கும். மருந்தை நிறுத்தி வைப்பது எவ்வளவு கெடுதல் என்று 2006-ல் வெளிவந்த ‘ஸ்மார்ட்’ ஆய்வு தெளிவாகக் காட்டியது. மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களுக்கு நோயும் மரணமும் அதிகம்; இதயம், சிறுநீரகம், ஈரல் பாதிப்புகளும் அதிகம்.

‘மருந்து ஏற்கெனவே இருக்கிறது, கம்பெனிக்காரர்கள் மறைத்துவைத்திருக்கிறார்கள்’ என்ற பேச்சையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். மருந்து நிறுவனங்களின் பேராசை உண்மை. 2001-ல் இந்திய மருந்து நிறுவனமான சிப்லாவின் யூசுப் ஹமீது ஆண்டுக்கு 350 டாலருக்குக் கூட்டு மருந்து தருகிறேன் என்று சொல்லும்வரை ஆப்பிரிக்காவின் ஏழைகளுக்கு அது எட்டாக்கனியாக இருந்ததும் உண்மை. ஆனால் குணமாக்கும் மருந்து பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கவில்லை. நினைவு செல்களுக்குள் வைரஸ் கிடப்பதுதான் தடை. சந்தேகத்தை அரசே கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தென்னாப்பிரிக்கா காட்டியது. அதிபர் தாபோ எம்பெக்கி எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி.தானா என்று ஐயம் எழுப்பினார். சுகாதார அமைச்சர் பூண்டும் பீட்ரூட்டும் பரிந்துரைத்தார். மருந்து கொடுப்பது தாமதமானதால் 2000-க்கும் 2005-க்கும் இடையே 3,30,000-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின என்பது ஹார்வர்ட் ஆய்வாளர்களின் மதிப்பீடு.

அதே தென்னாப்பிரிக்காவில்தான் உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பதிலும் இருக்கிறது. டர்பன் நகரை ஒட்டிய உம்லாசியில் 2012 முதல் ‘ஃப்ரெஷ்’ என்றொரு திட்டம் நடக்கிறது. 18 முதல் 23 வயது வரையிலான, தொற்று இல்லாத இளம் பெண்களைச் சேர்க்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு முறை வருகிறார்கள். ரத்தப் பரிசோதனையோடு வாழ்க்கைத் திறன், வேலைக்கான பயிற்சி, தொற்றைத் தடுக்கும் வழிகள் எல்லாம் கிடைக்கின்றன. தொற்று மிக அதிகமுள்ள பகுதி அது. எல்லா முயற்சிகளுக்குப் பிறகும் சிலருக்குத் தொற்று வந்துவிடுகிறது. வாரம் இருமுறை பார்ப்பதால் தொற்றின் முதல் நாட்களிலேயே தெரிந்துவிடும். உடனே மருந்து தொடங்கிவிடுவார்கள். கையிருப்பு பெரிதாக வளர்வதற்கு முன்பே மருந்து தொடங்கியவர்கள் என்பதால், குணமாக்கும் ஆராய்ச்சிக்கு அவர்கள் அரிய பங்காளிகள். அவர்களில் 20 பேர் விஞ்ஞானி தும்பி நுடுங்கு குழுவின் சோதனையில் சேர்ந்தார்கள். இரண்டு வகை எதிர்ப்புப் புரத ஊசிகளும், நோய் எதிர்ப்பைத் தூண்டும் ஒரு மாத்திரையும் கொடுத்து, பிறகு கூட்டு மருந்தை நிறுத்தினார்கள். 2025 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் சொன்ன முடிவின்படி, பெரும்பாலானவர்களுக்கு வைரஸ் திரும்பியது. நான்கு பேர் அப்போதும் மருந்தில்லாமல் இருந்தார்கள். ஆப்பிரிக்காவில் நடந்த முதல் சில குணமாக்கும் ஆய்வுகளில் ஒன்று அது.

அந்தப் பெண்கள் திட்டத்தில் சேர்ந்த நாளில் உங்களைப் போலத் தொற்று இல்லாதவர்கள். சேரும்போதே அவர்களோடு பேசி, நம்பிக்கையைச் சம்பாதித்து, அவர்கள் வாழ்க்கைக்குப் பயனுள்ள எதையாவது கொடுத்திருந்ததால்தான் பின்னால் அவ்வளவு சிக்கலான ஆய்வில் அவர்களால் யோசித்து முடிவெடுக்க முடிந்தது. பாங்காக்கிலும் அப்படியே. அங்கே 2009 முதல், தாய் செஞ்சிலுவைச் சங்கத்தின் மையத்துக்குச் சாதாரணமாகச் சோதித்துக்கொள்ள வந்தவர்களிடையேதான் புத்தம்புதுத் தொற்றுகளைக் கண்டறிந்து ஆய்வில் சேர்த்தார்கள். தொற்று உறுதியான அதிர்ச்சியில் இருப்பவரிடம் முதல் முறையாக ஆராய்ச்சி பற்றிப் பேசுவது நியாயமில்லை. அதைப் பற்றி ஊரில் முன்பே பேச்சு இருக்க வேண்டும், தொற்று வராதவர்களும் கேட்டிருக்க வேண்டும்.

அண்ணனுக்குச் செய்தி அனுப்பலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். முதலில் அவரிடம் கேளுங்கள். சிலருக்கு இந்தச் செய்திகள் தெம்பு தரும். சிலருக்கு, மறந்து வாழ்ந்துகொண்டிருப்பதை வாரம் தவறாமல் நினைவூட்டுவதாகிவிடும். ‘நீ இப்போது இருக்கும் நிலை எங்களுக்குப் போதவில்லை’ என்று சொல்வது போலவும் படும். அவர் சரி என்றால், அனுப்பும் முன் நீங்களே சிலவற்றைப் பாருங்கள். சோதனை எலியிலா, குரங்கிலா, மனிதரிலா? மனிதர் என்றால் எத்தனை பேர்? மஜ்ஜை மாற்றா? மருந்தை நிறுத்தி எத்தனை மாதம் ஆகிறது? மிசிசிப்பிக் குழந்தையின் 27 மாதங்களை மனத்தில் வைத்துக்கொண்டு கடைசிக் கேள்வியைக் கேளுங்கள். பல செய்திகள் தடுப்பூசி முயற்சியையும் குணமாக்கும் முயற்சியையும் ஒன்றாகக் குழப்பும். தடுப்பூசி தொற்று இல்லாதவர்களுக்கானது. 2006-ல் சென்னையில் 32 தன்னார்வலர்களைக் கொண்டு நடந்த சோதனை அந்த வகை. அதற்கும் அண்ணனின் தொற்று நீங்குவதற்கும் தொடர்பில்லை.

எப்போதாவது அண்ணனை யாராவது இப்படி ஓர் ஆய்வுக்கு அழைத்தால், அண்ணியும் கூடப் போகட்டும். மருந்தை நிறுத்தும் காலம் எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பார்கள், எந்த அளவில் மறுபடி மருந்து தொடங்குவார்கள், அந்த நாட்களில் தனக்குப் பாதுகாப்பாக என்ன தருவார்கள், மீறித் தொற்றினால் தன் சிகிச்சைக்கு யார் பொறுப்பு என்று அண்ணியே தன் வாயால் கேட்கட்டும். இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் இருக்கிறதா, எந்த நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது என்றும் கேட்க வேண்டும். 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி, விவரம் சொல்லி ஒப்புதல் பெறாமல் யாரையும் ஆராய்ச்சிக்கு உட்படுத்த முடியாது. பங்கேற்கப் பணம் கட்டச் சொன்னால் அது ஆராய்ச்சியே இல்லை, எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அண்ணன் மாத்திரை வாங்கும் மையத்தின் மருத்துவரையும், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கட்டணமில்லாத 1097 எண்ணையும் கேட்கலாம். அழைப்பவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை, அண்ணியே அழைக்கலாம்.